விஜயதசமியன்று இருண்ட திரை

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய கடைக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். திரையில் ஏதோ கோளாறு. ஒருத்தன் ஒரு பொத்தானைத் தட்டினான். அது இணையத்துக்குப் போய், தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே அணைந்து, தானே எழுந்தது. நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"நெட்டு இல்லாத காலத்துல என்ன மாமா பண்ணுனீக?" என்று கேட்டான் அவன்.

"பயந்துக்கிட்டே பாத்தோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு விரிவாகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிரைவர் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்குள் திரை, ஒலிபெருக்கி, பிரிண்டர் என்று பல உறுப்புகள். ஒவ்வொன்றோடும் பேச அதற்கென்று ஒரு சிறிய மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். திரைக்கு உள்ள டிரைவர் தப்பாக இருந்தால் படம் கலங்கும், கோடு விழும், நிறம் போகும், சில நேரம் ஒன்றுமே தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவை. டிரைவர் கெட்டுப்போனால், லேப்டாப்போடு வந்த பிளாப்பித் தட்டு இருக்கவேண்டும். இல்லையென்றால் மதுரை, மெட்ராஸ் என்று ஆள் விட்டுத் தேடவேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கூடவே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். டிவி ரிப்பேர் கடையில் சில வருடம் சால்டரிங் பிடித்தேன். அங்கிருந்து சவரிமுத்து அண்ணன் என்னைத் தன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டார். "இவன் படிக்கலையே, இவனை எதுக்கு எடுக்குறீக?" என்று பக்கத்துக் கடைக்காரர் என் முன்னாலேயே கேட்டார். "பயப்படுறவன் கையில சாமான் ஒடையாது" என்றார் அண்ணன். அதுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

வேலை கற்றதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திரையில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளை முதலில் படமாகத்தான் மனதில் வைத்தேன். பிறகு அவை எழுத்தாயின, அதற்கும் பிறகு அர்த்தம் வந்தது. மேசைக் கம்ப்யூட்டருக்கு உள்ள டிரைவரை ஒரு கல்லூரி வாத்தியாரின் லேப்டாப்பில் ஒரு நாள் போட்டுவிட்டேன்; திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. "சிப்பு ஒண்ணா இருந்தாப் போதாதுடா. பொட்டியைச் செஞ்சவன் குடுத்த டிரைவர்தான் அந்தப் பொட்டிக்கு" என்று சொல்லி, அண்ணன் பொறுமையாக அந்த டிரைவரை நீக்கினார்.

அண்ணனுக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய ஒரு பழக்கம் யாரையும் படுத்தி எடுத்துவிடும். கோளாறான மிஷின் முன்னால் உட்கார்ந்ததும், "கையைத் தொடைக்கு அடியில வை" என்பார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், மிஷின் எழுவதை முழுசாகப் பார்க்கவேண்டும். பிறகு கேட்பார்: "என்ன பாத்தே?"

"டிரைவர் போச்சுண்ணே."

"அது நீ நெனச்சது. பாத்ததைச் சொல்லு."

பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்ல வராதவனை அவர் ஸ்குரூடிரைவரைத் தொட விடமாட்டார். இன்னொன்று, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால் அவருக்குச் சந்தோஷம் வராது. எதனால் சரியானது என்று தெரியவில்லையே என்பார். பதற்றத்தில் பத்து பொத்தானைத் தட்டுகிற என்னைப் போன்றவனுக்கு இந்த இரண்டு சட்டமும்தான் சோறு போட்டன.

அந்த விஜயதசமியன்று காலையில் கடை திறந்து சாமிக்கு விளக்கு ஏற்றுவதற்குள்... எங்கள் கடையில் சாமி என்றால் ஒரு பக்கம் மாதா படம், ஒரு பக்கம் நான் மாட்டிய பிள்ளையார் படம்... ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் உள்ளே வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். பெயர் அழகுமீனாள். சிங்கம்புணரிப் பக்கம் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, ரைஸ் மில்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலையில் இறங்கியிருந்தாள். நெல் ஊறுகிற தொட்டி எங்கே, பாய்லர் எங்கே, நீராவிக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று எல்லாம் லேப்டாப்பில் வரைந்து வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய லேப்டாப்.

அவள் அதை மேசைமேல் வைத்தாள். "நேத்து சரஸ்வதி பூசைக்கு சாமி முன்னாடி வெச்சோம்ணே. இன்னைக்கு நல்ல நேரத்துல எடுத்துத் தொறந்தேன். இருண்டு போச்சு."

"முந்தாநாள் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் அதுல ஒண்ணும் புதுசாப் போடலை."

அவள் அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. வாசல் பக்கம் பார்த்து நின்றபடியே சொன்னார்: "பூசையில வெச்சு எடுத்த சாமான் மொத மொதல்ல தொறக்கயில இருட்டானா அதுக்கு என்ன அர்த்தம் தம்பி? இந்த வேலை வேணாம்னு அர்த்தம். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா."

"அப்பா, கொஞ்சம் இருங்க."

"நான் எங்க தாயி போறேன். நீதான் போறே, ஊரு ஊரா மில்லு மில்லா."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. புதுவயலில் ஒரு மில் முதலாளி தன் மில்லைப் புதுப்பிக்கப் போகிறார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனியும் அந்த வேலையைக் கேட்டிருக்கிறது. "விஜயதசமி நல்ல நாளு, அன்னைக்கு மத்தியானம் வந்து காட்டு, பாக்குறேன்" என்று முதலாளி இவளுக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் அவர் கோயம்புத்தூர் கிளம்புகிறார். இன்றைக்குக் காட்டவில்லையென்றால் அவ்வளவுதான். அதோடு அப்பாவிடம் ஒரு பேச்சு ஆகியிருந்தது. இந்த மில் கிடைத்தால் தொடர்ந்து செய்யலாம், கிடைக்காவிட்டால் வீட்டோடு வந்துவிடவேண்டும். இப்போது மில் கிடைப்பதற்கு முன்பே சகுனம் வந்து குறுக்கே நிற்கிறது.

 அடுத்தவர்கள் வாழ்க்கை நம் மேசைமேல் வந்து உட்கார்ந்தால் எனக்குத் தண்ணீர் இறங்காது.

"கை" என்றார் அண்ணன். தொடைக்கு அடியில் வைத்தேன்.

லேப்டாப் எழுந்தது. தயாரித்தவர்கள் பெயர் திரையில் வந்தது. விண்டோஸ் படம் வந்தது. பிறகு திரை கப்பென்று இருண்டது. ஆனால் அதற்குப் பிறகும் விண்டோஸின் வரவேற்பு இசை கேட்டது.

"என்ன பாத்தே?"

"விண்டோஸ் ஏறுற வரைக்கும் திரை தெரியுது. ஏறுனதும் இருட்டு. உள்ள உசிரு இருக்கு, சத்தம் வருது."

"ம்."

கடையில் இருந்த பெரிய மானிட்டரின் ஒயரை லேப்டாப்பின் பின்னால் செருகினேன். அதில் படம் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பின் சொந்தத் திரைதான் இருட்டு. அணைத்துவிட்டு, சேஃப் மோடில் ஏற்றினேன். அது ஆபத்துக்கு உள்ள வழி. அதில் விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் எடுத்துக்கொண்டு எழும். லேப்டாப் திரையே தெரிந்தது, பெரிய பெரிய எழுத்தாக, பதினாறே நிறத்தில்.

இதற்குமேல் என்ன வேண்டும்? சேஃப் மோடில் சொந்த டிரைவர் ஏறாது, திரை தெரிகிறது. சாதாரணமாக ஏற்றினால் டிரைவர் ஏறும், இருட்டு. பாடம் படித்தவன் யாராக இருந்தாலும் டிரைவர்தான் என்பான். நானும் சொன்னேன்.

"அது நெனச்சது" என்றார் அண்ணன். "சரி, நெனச்சதைச் சோதிச்சுப் பாரு."

"டிரைவர் சரியில்லைன்னா ஆளை மாத்த வேண்டியதுதானே? பஸ் டிப்போவுல மாத்துறாகல்ல?" என்றார் அவள் அப்பா. சிரிக்கவேண்டுமா என்று தெரியாமல் பாதி சிரித்தேன்.

நல்ல வேளையாக, சிங்கப்பூர் அண்ணன்காரன் அனுப்பிய பிளாப்பிகளை அந்தப் பெண் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். பழைய டிரைவரை நீக்கினேன். பிளாப்பியிலிருந்து புதிதாகப் போட்டேன். ஏற்றினேன். விண்டோஸ் படம், இசை, இருட்டு.

ஒழுங்காக நீக்கவில்லையோ என்று சந்தேகம். மறுபடி நீக்கினேன், மறுபடி போட்டேன். இருட்டு. பிளாப்பியில் கோளாறோ? விண்டோஸிலேயே எந்தத் திரைக்கும் பொதுவாக ஒரு எளிய டிரைவர் உண்டு. அதைப் போட்டேன். அதற்கும் இருட்டு.

 அந்தப் பெண் என் கையைப் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மானிட்டரைத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன?" என்று கேட்டேன், தோற்றவன் கேட்கிற மாதிரி.

"மில்லுக்குள்ள நடந்து நடந்து காட்டணும்ணே. தொட்டிகிட்ட நின்னு தொட்டியைக் காட்டணும், பாய்லர்கிட்ட நின்னு பாய்லரைக் காட்டணும். அவரு ஆபீஸ்ல உக்காந்து பாக்குற ஆளு இல்லை."

அண்ணன் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். "பாண்டி, இதுவரைக்கும் என்ன பாத்தே?"

"சொந்த டிரைவரு, இருட்டு. புது டிரைவரு, இருட்டு. பொது டிரைவரு, இருட்டு."

"டிரைவரை மூணு தடவை மாத்துனே. இருட்டு மாறுச்சா?"

"மாறலை."

"அப்ப?"

அந்த "அப்ப" எனக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் டிரைவரைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன். பயந்தவன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். சேஃப் மோடில் ஏறாதது திரை டிரைவர் மட்டுமா? ஒலிக்கு உள்ளது ஏறாது, பேட்டரியை மிச்சம்பிடிப்பதற்கு உள்ளது ஏறாது, இன்னும் பல ஏறாது. அவற்றில் எது வேண்டுமானாலும் திரையை அணைக்கலாம். சரி, விடமாட்டேன், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

பெரிய மானிட்டரில் பார்த்தபடியே ஒன்றை நிறுத்துவேன், அணைத்து ஏற்றுவேன், இருட்டு. அதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை நிறுத்துவேன். ஒலியை நிறுத்தினேன், இருட்டு. டெலிபோன் லைனுக்கு உள்ள மோடத்தை நிறுத்தினேன், இருட்டு. மின்சாரச் சிக்கனத்துக்கு உள்ளதை நிறுத்தி ஏற்றினேன்.

திரை தெரிந்தது.  அவளுடைய மில் வரைபடத்தைத் திறந்தேன்; சிவப்பு, நீலம், பச்சையில் வந்து நின்றது.

"வந்துருச்சு!" அவள் எழுந்தே விட்டாள். பையில் கை வைத்தாள். "போதும்ணே, நான் கெளம்புறேன்."

எனக்கும் அனுப்பிவிடத்தான் ஆசை. ஆனால் அண்ணன் தலையை அசைத்தார். "வலிதாம்மா நின்னிருக்கு. நோயி என்னன்னு தெரியலை. அங்க போயி நடுவுல இருண்டா என்ன செய்வே?" பிறகு என்னிடம்: "சிக்கனம் பண்றது எப்பத் திரையை அணைக்கும்?"

"சும்மா கெடந்தா அணைக்கும். இல்ல, மூடி வெச்சா..."

சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. மூடி வைத்தால். இந்த லேப்டாப் தன்னை மூடி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மூடியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? கீல் பக்கத்தில் பட்டாணிக் கடலையை விடச் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும். மூடினால் அது அமுங்கும். திறந்தால் மேலே வரும்.

குனிந்து பார்த்தேன். பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அந்தப் பெண்ணின் அம்மா சரஸ்வதி பூசைக்கு லேப்டாப்புக்கும் பொட்டு வைத்திருந்தார். திரையின் நான்கு மூலையில், மூடியின் மேல், கீல் பக்கம் என்று மங்களகரமாக. அதைக் காலையிலிருந்தே நானும் அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் பார்க்கவில்லை. காரணம் இருந்தது. முன்பு ஒரு பூசைக்குப் பிறகு, ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும்போது அண்ணன் பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். அவர் வந்து, "நல்ல நாள்ல வெச்ச பொட்டை அழிச்சுப்புட்டீகளே" என்று முகம் சுருங்கிப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அன்றிலிருந்து கடையில் சட்டம்: வாடிக்கையாளர் வைத்த பொட்டைத் தொடக்கூடாது. துணி வைத்துத் துடைத்தாலும் பொட்டைச் சுற்றித்தான் துடைப்போம். அந்த மரியாதையில்தான் கோளாறு ஒளிந்துகொண்டிருந்தது. ஈரச் சந்தனம் பொத்தானின் இடுக்கில் இறங்கி, மூடியை மூடியபோது அமுங்கிய பொத்தான் அப்படியே காய்ந்து பிடித்துக்கொண்டது.

நான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"கேக்காமத் தொடாதே. நான் மாதா கோயிலுக்குப் போறவன், என் கடையில அழிஞ்சா அது வேற பேச்சாகும்." பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, "ஐயா, இந்த ஒரு பொட்டை மட்டும் எடுக்கணும். எடுக்கட்டுமா?" என்றார்.

அழகுமீனாளின் அப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பொட்டால்தான் இருட்டு என்பது அவருக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. "சாமிக்கு வெச்சது. அதை வெச்சவளைக் கேக்காம நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்பா, மணி ஆகுதுப்பா."

"போனைப் போடு. உங்கம்மாகிட்ட நானே கேக்குறேன்."

கடை போனிலிருந்து சிங்கம்புணரிக்குப் போட்டோம். அவள் அப்பா சுற்றி வளைத்துச் சொன்னார். பூசை, பொட்டு, பொத்தான், இருட்டு, சகுனம்.  அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். கடை முழுக்கக் கேட்டது.

"சாமி என்ன அந்தப் பொத்தான் மேலதான் உக்காருவேன்னா சொல்லுச்சு? எடுத்துட்டு நல்ல எடமாப் பாத்து வெய்யிங்க. புள்ளைய மில்லுக்கு அனுப்பாம அங்க உக்காந்து என்ன சகுனம் பேசிக்கிட்டு இருக்கீக?"

அவர் ரிசீவரை வைத்தார். "எடுத்துருங்க தம்பி" என்றார், சுவரைப் பார்த்து.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, சந்தனத்தின்மேல் வைத்து, ஊறவிட்டு, மெல்ல மெல்ல எடுத்தேன். பல்குச்சியின் நுனியால் இடுக்கைச் சுரண்டினேன்.  அழுத்தத்தைக் கூட்டவில்லை. கடைசியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பொத்தான் மேலே வந்தது. நிறுத்தி வைத்திருந்த சிக்கனத்தைத் திரும்பப் போட்டு, அவளுடைய சொந்த டிரைவரையும் திரும்பப் போட்டு, ஏற்றினேன். திரை தெரிந்தது. விரலால் பொத்தானை அமுக்கினேன், இருட்டு. விட்டேன், வெளிச்சம். அமுக்கினேன், விட்டேன். அமுக்கினேன், விட்டேன். "போதும்டா, அதுக்கு மூச்சு முட்டும்" என்றார் அண்ணன்.

அழகுமீனாள் குங்குமப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, லேப்டாப்பின் மூடிமேல், எதையும் அடைக்காத இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கண்ணே" என்றாள்.

நான் வரவில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "போ. வழியில இருண்டா நீதானே பாக்கணும்?" என்றார் அண்ணன். பிளாப்பி, பஞ்சு, ஸ்பிரிட், ஸ்குரூடிரைவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மூவரும் புதுவயல் பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் லேப்டாப் அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் நான் எட்டி அதைப் பார்த்தேன். அவள் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

ஆயுத பூசை முடிந்த மில்லுக்குள் மிஷின்களுக்கெல்லாம் மாலை தொங்கியது. வேலை நடக்கவில்லை. முதலாளி வாட்டசாட்டமான ஆள், வெறும் காலோடு வந்தார். "காட்டும்மா" என்றார். அவ்வளவுதான். முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி பின்னால் போனாள். ஊறல் தொட்டியருகே காட்டினாள். நிழல், திரை நன்றாகத் தெரிந்தது. முதலாளி பார்த்துவிட்டு நடந்தார். அடுத்து பாய்லர் வைக்க வேண்டிய இடம். அது நெல் காயவைக்கிற களத்து ஓரம், வெட்டவெளி. நல்ல வெயில். அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

 ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை இருளவில்லை. வெயில் கூச்சத்தில் அந்தக் காலத்துத் திரை அப்படித்தான், வெளிறிப் போகும். வெயிலுக்கு எந்தப் பிளாப்பியிலும் டிரைவர் இல்லை. முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார், கிளம்பப் போகிற தொனியில்.

அப்போது பின்னாலிருந்து அவள் அப்பா வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனிதர். தெரியாத ஒரு முதலாளி முன்னால் துண்டைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் விரித்து, மகளின் லேப்டாப்புக்கு மேலே பந்தல் மாதிரி பிடித்தார்.

"இப்பக் குனிஞ்சு பாருங்க" என்றார்.

முதலாளி குனிந்தார். தலை துண்டுக்குள் போனது. அழகுமீனாளின் தலையும் உள்ளே போனது. வெளியே முதுகுகள்தான் தெரிந்தன. நான் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"இந்தப் பாய்லரை ஏம்மா அங்குட்டு கொண்டுபோய் வெச்சிருக்கே? லாரி திரும்புற எடமுல்ல அது. இங்குட்டுக் கொண்டா."

 அவள் யோசிக்கிறாளா, பயந்துவிட்டாளா என்று வெளியே நின்ற எனக்குத் தெரியவில்லை. துண்டைப் பிடித்திருந்த கை வலித்திருக்கவேண்டும். ஆனால் அது இறங்கவில்லை.

"அவரு கேக்குறாருல்ல தாயி" என்றார் அவள் அப்பா, துண்டுக்கு மேலேயிருந்து. "கொண்டாந்து காட்டு."